கிருமிக்கு ஒரு பெயர்

"எங்கட வீட்டு வளவில மீன்முள்ளோ? வாயைக் கழுவும் பிள்ளை!"

கேதீஸ்வரி போட்ட சத்தத்தில் தர்சனாவின் கையிலிருந்த தேத்தண்ணி தளும்பியது.

பல்கலைக்கழகத்திலிருந்து நல்ல செய்தியோடுதான் அவள் ஊர்காவற்றுறைக்கு வந்திருந்தாள். போன வருசம் இந்த வீட்டுத் தேசிமரத்தடியில் அள்ளிப்போன மண்ணில் ஒரு புதுப் பக்ரீரியாக் கிருமி! மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று. உலகத்தில் இதுவரை பெயர் வைத்த எந்த இனத்தோடும் அது பொருந்தவில்லை.

"மீன்முள்ளைக் கரைச்சுத்தான் அது சீவிக்குது, அன்ரி. உங்கட மரம் இப்பிடிக் காய்க்கிறதும் அதாலதான். எந்த மண்ணில, எப்பிடி இருந்தது எண்டு உள்ளதை எழுதினால்தான் புது இனமெண்டு ஏற்றுக்கொள்ளுவினம்."

"எங்கட இவர் கோயில் சபைத் தலைவர். இருபது வருசமாய் இந்தக் குசினிக்குள்ள மீனெண்டோ மச்சமெண்டோ ஒண்டும் வந்ததில்லை. எழுதினீர் எண்டால் ஊர் என்ன கதைக்கும்? விடமாட்டன்!"

கதிரையில் இருந்த அவள் கணவர் தம்பிராசா பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

தர்சனாவுக்கு அழுகை முட்டியது. அவளுடைய முதல் கண்டுபிடிப்பு. போயும் போயும் ஒரு மீன்முள்ளில் வந்து மாட்டிக்கொண்டதே!

"எனக்குத் தெரியும், இது பக்கத்து வீட்டு யூலியானாவின்ர வேலை. வேலிக்கு மேலால எறிஞ்சிருக்கிறாள். இந்த ஓலை வேலியைப் பிடுங்கிப்போட்டு மதில் கட்டுறன் பாரும்!"

தம்பிராசாவின் பேப்பர் நடுங்கியது.

வேலிக்கு மேலால் ஒரு தலை எட்டிப் பார்த்தது. யூலியானா. கையில் மீன் வெட்டின கத்தி. தர்சனாவின் கலங்கிய கண்களைக் கண்டாள். ஆடுகிற பேப்பரையும் கண்டாள்.

"ஓம் அக்கா, முள் எங்கட வீட்டு முள்தான். பிழை என்னில. மதில் மட்டும் வேண்டாம்."

"பாத்தீரோ பிள்ளை! அவளின்ர முள்ளெண்டே எழுதும். அந்த ஊத்தைக் கிருமிக்கு அவளின்ர பேரையே வையும்!"

"கட்டாயம் வைக்கிறன், அன்ரி."

தங்கள் பெயரில் ஓர் இனம் வராதா என்று பேராசிரியர்களே தவம் கிடக்கிறார்கள் என்பதைத் தர்சனா சொல்லவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, இன்னொரு பிடி மண் எடுக்க வளவின் கோடியில் நின்ற தேசிமரத்தடிக்குப் போனாள்.

ஒரு சாண் தோண்டியதும் முள் வந்தது. ஒழுங்காகத் தாட்டு, மேலே மண் போட்டு மூடிய முள். அதுவும் பொரித்த முள். வேலிக்கு மேலால் எறிந்தது மண்ணுக்குள் எப்படிப் போனது?

மரத்துக்கு அந்தப் பக்கம் ஓலை சரசரத்தது. தர்சனா எட்டிப் பார்த்தாள்.

ஓலை விலகிய வேலிப்பொட்டுக்குள்ளால் ஒரு கை மூடின கோப்பையொன்றை நீட்டியது. தம்பிராசா குனிந்து அதை வாங்கிப் பேப்பரால் மறைத்தார்.

"விளைமீன் பொரியல் அண்ணை," யூலியானா கிசுகிசுத்தாள். "இனியெண்டாலும் முள்ளைக் கொஞ்சம் ஆழமாய்த் தாட்டுவிடுங்கோ!"