வைவா முடிந்ததும் காபி

சவரிமுத்து எதையும் விழுங்குவது கழுத்திலிருந்த மின்பட்டையின் தயவில்தான். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் தொண்டைக்கு விழுங்கும் வேலை மறந்துபோயிருந்தது. பட்டையில் பச்சை விளக்கு எரிந்தால்தான் தண்ணீர்கூட உள்ளே இறங்கும்.

பட்டை ஜெயசீலியின் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சொந்தமானது. பட்டம் கிடைத்தால் ஆய்வு முடியும், அன்று மாலையே பட்டையைக் கழற்றிப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். அதனாலேயே ஜெயசீலி ஒரு வருடம் இழுத்தடித்துப் பார்த்தாள். கைடு ஓய்வுபெறப் போகிறார் என்றதும் வேறு வழியில்லாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள்.

இன்று வைவா, பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. முன்வரிசையில் சவரிமுத்தும் அவர் மனைவி அற்புதமும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயசீலி அந்தப் பக்கம் பார்க்காமலே பேசி முடித்தாள். கேட்க வேண்டிய கேள்விகளை, எல்லோரும் செய்வதுபோல, ஜூனியர்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள். அவர்களும் எழுந்து ஒப்பித்தார்கள்.

"வேற யாராவது கேக்கணுமா?" என்றார் தேர்வாளர், ஒரு பேச்சுக்கு.

அற்புதம் எழுந்தாள். "நாளைக்குக் காலைல இவருக்கு நான் என்னம்மா குடுக்க?"

பதில் இல்லாத கேள்வி வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று கைடு பழக்கியிருந்தார். ஜெயசீலி அதையே சொன்னாள்.

"அது எதிர்கால ஆய்வுக்குரியது."

தேர்வாளர் திருப்தியாகத் தலையாட்டினார். இனி டாக்டர் ஜெயசீலி என்று அறிவித்ததும் அரங்கம் கைதட்டியது. லட்டும் காபியும் வந்தன.

அற்புதம் தன் பங்குக் காபியையும் சேர்த்துக் கணவரிடம் நீட்டினாள்.

"சீக்கிரம் குடிங்க. பச்சை இன்னும் எரியுது."