காக்காவுக்குப் போகும் தூள்

கத்தியை வைத்து முனிகிருஷ்ணன் ஒரே அழுத்தாக அழுத்தினார். சூடு ஆறாத பிரெட் நடுவில் உட்கார்ந்துபோய், ஓரமெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது.

"கையா அது, உலக்கையா?" என்றாள் வரலட்சுமி. "பவர்லூம்ல அறுந்த இழைய கண்ண மூடிக்கினு முடிச்சு போடற மனுசன். ஒரு பிரெட்ட வெட்ட துப்பில்ல."

"நீ சுடற பிரெட்டு அப்படி. நான் இன்னா பண்றது?" என்று அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "சரி, தூள எதுக்கு வீணாக்கணும். மாடியில காக்காவுக்குப் போட்டுட்டு வந்துடறேன்."

"போடுங்க போடுங்க. உங்க புண்ணியத்துல நகரி காக்கா எல்லாம் பறக்க முடியாம நடந்துக்கினு கீது." அவள் குக்கரைக் கழுவத் திரும்பிக்கொண்டாள்.

நகரி ஊர்க் காக்கைகள் அந்த வீட்டுத் தூளில் ஒரு துணுக்கைக்கூடக் கண்டதில்லை. மாடிப்படி திரும்பும் இடத்தில், கீழிருந்து பார்த்தால் தெரியாத மூலையில் நின்று, தட்டிலிருந்ததை உள்ளங்கையில் குவித்து அப்படியே வாயில் கொட்டிக்கொள்வார் முனிகிருஷ்ணன். கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். வாயைத் துடைத்துக்கொண்டு, புண்ணியம் செய்தவர் முகத்தோடு இறங்கி வருவார்.

சர்க்கரை வந்ததிலிருந்து கடை பிரெட்டுக்கும் பன்னுக்கும் தடை. தினமும் காலையில் வரலட்சுமியே கோதுமை மாவில், குக்கருக்குள் வைத்து, சின்னதாக ஒன்று சுடுவாள். அதில் அவருக்கு ஒரே ஒரு துண்டு; மீதி தறி ஆட்களுக்கு டீயோடு போய்விடும். டாக்டர் உத்தரவு என்றாள். சித்தூரில் டாக்டர் உத்தரவு போட்ட நேரத்தில் முனிகிருஷ்ணன் வெளியே நின்று நூல் வியாபாரியோடு போனில் கத்திக்கொண்டிருந்தார். உள்ளே உட்கார்ந்து கேட்டவள் அவள்தான்.

துண்டுக்குக் கணக்கு உண்டு, தூளுக்குக் கிடையாது. இந்த ஓட்டையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவர் தன்னை ஒரு பெரிய மூளைக்காரராக மதித்துவந்தார்.

அந்த மூளைக்கு வந்த ஆபத்து திருப்பதி பஸ்ஸிலிருந்து இறங்கியது. பெயர் கிஷோர், வரலட்சுமியின் தம்பி. லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷனில் உட்கார்ந்து, ஆள் வராத நேரமெல்லாம் போனில் சமையல் பார்த்துப் பார்த்து, உலகத்தில் யாருக்கும் எதுவும் சரியாகச் செய்யத் தெரியாது என்ற முடிவுக்கு வந்தவன். திருப்பதிக்குப் போனதிலிருந்து மாமாவைப் 'பாவா' என்றுதான் கூப்பிடுவான்.

"பாவா, உங்களுக்குத்தான் வாங்கினு வந்தேன்" என்று பையிலிருந்து ஒரு நீளக் கத்தியை உருவினான். விளிம்பெல்லாம் பல். "பிரெட் கத்தி. இனிமே ஒரு பொட்டு உதிராது."

முனிகிருஷ்ணனுக்கு அது தன் கழுத்துக்கு வந்ததுபோல இருந்தது. "எதுக்கு மச்சான் வீண் செலவு" என்றார். வாழ்க்கையில் முதல் முறையாக மனதாரச் சொன்னார்.

மறுநாள் காலை குக்கரிலிருந்து எடுத்த பிரெட்டை வரலட்சுமி வழக்கம்போலக் கணவன் முன்னால் வைத்தாள். கிஷோர் பாய்ந்து வந்து பிடுங்கினான்.

"சூட்டுல வெட்டினா உள்ள ஆவி அடங்காம களி மாதிரி நசுங்கும்க்கா. சின்னப் புள்ளைக்குக்கூட தெரியும். தெனம் சுடற, நீ ஏன் சுடச்சுட அவர் கையில குடுக்கற?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் இன்னா லாட்ஜுலயா வேலை செய்யறேன்?" என்றாள் அவள்.

பிரெட் ஆறுவதற்காக வீடே காத்திருந்தது. டீயும் சேர்ந்து ஆறியது.

"ஆறினா கல்லாயிடும் மச்சான். குடு, நானே வெட்டிடறேன்" என்று முனிகிருஷ்ணன் கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

"அதி காது பாவா, அப்படி இல்ல. நீங்க சும்மா பாருங்க." கிஷோர் பிரெட்டைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்தான். "மேல அழுத்தவே கூடாது. ரம்பம் மாதிரி முன்ன பின்ன இழுத்துக்கினே இருந்தா போதும். மிச்சத்த கத்தி பாத்துக்கும்."

தறியிலிருந்து இறங்கிய லுங்கியை மடித்து வைத்ததுபோல, துண்டுகள் ஒரே அளவில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்ந்தன. முனிகிருஷ்ணன் குனிந்து பலகையைப் பார்த்தார். எறும்பு வந்திருந்தால் பட்டினியாகத்தான் திரும்பியிருக்கும்.

"இன்னா பாவா தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல மச்சான்." அவர் பலகையிலிருந்து நிமிர்ந்தார். "காக்காங்க பாவம்."

"காக்கா எங்கயாவது போய் துன்னும், வுடுங்க. எப்படிக்கா நம்ம கட்டிங்?"

வரலட்சுமி முகத்தில் சந்தோஷம் இல்லை. ஒரு துண்டை எடுத்துக் கணவன் தட்டில் வைத்தாள். இன்னொரு துண்டை எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, பலகையின் மேல் கரகரவென்று தேய்த்து உதிர்த்தாள்.

"அக்கா! இன்னாக்கா பண்ற? எவ்ளோ நீட்டா வெட்டி வச்சேன்!" என்று கிஷோர் அலறினான்.

அவள் கையைத் தட்டிக்கொண்டு, தூளோடு பலகையைக் கணவன் பக்கம் நகர்த்தினாள்.

"டாக்டர் சொன்னது ரெண்டு துண்டுடா, ஒண்ணு நான் குடுக்கறது, இன்னொண்ணு இவரு மாடிப்படியில நின்னுக்கினு திருடித் துன்றது."