எதிர்க் கவுண்டர்

"என்னம்மா அநியாயம்? மூணு மடங்கு விலையா?"

மனைவியோடு நின்ற மெக்கானிக் கத்தியதில் விமான நிலைய வரிசையே திரும்பிப் பார்த்தது.

"இன்னிக்கு ரேட் இதுதான் சார்," என்றாள் கவுண்டர் பெண்.

"அம்மா சாகக் கிடக்கிறாங்கம்மா. பஸ்ல போனா ரெண்டு நாள் ஆகும்."

"புரியுது சார். ஆனா விலை என் கையில இல்லையே."

அவர் எதிரே ஷட்டர் போட்டிருந்த கவுண்டரைக் காட்டினார்.

"அது எங்க கம்பெனி. பிளேன் மெக்கானிக்கா இருந்தேன். யார் வேணா பிளேன் விடலாம், எந்த விலைக்கு வேணா டிக்கெட் விக்கலாம்னு சட்டம் வந்தப்ப ஆரம்பிச்சாங்க. பஸ்ஸே கதின்னு கிடந்த ஜனமெல்லாம் பறந்துச்சு. உங்க முதலாளிக்குப் பொறுக்கல. நஷ்டம் வந்தாலும் பரவாயில்லன்னு எங்களைவிடப் பாதி விலைக்கு வித்தார். நாங்க மூடினோம். மறு வாரமே நீங்க ஏத்திட்டீங்க. என் வேலையும் போச்சு. இப்ப அம்மா முகத்தையும்..."



"சரியாச் சொன்னார்," என்றார் பின்னால் நின்றவர். "போட்டி இருந்தவரைக்கும் வாங்க வாங்கன்னு கூப்பிட்டாங்க. இப்ப இவங்க வெச்சதுதான் சட்டம்."

"மனசாட்சியே கிடையாதா?" என்றாள் இன்னொருத்தி.

கவுண்டர் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

மெக்கானிக்கின் செல்போன் அடித்தது. ஊரிலிருந்து அக்கா.

"கிளம்பிட்டியாப்பா?"

"ஏர்போர்ட்லதான்க்கா நிக்கிறேன். எப்படியாவது டிக்கெட் எடுத்து..."

அந்தப் பக்கம் அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இனி அவசரம் இல்லப்பா. பஸ்லயே வா."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாவிங்க," என்று விம்மினார். "எங்க கம்பெனியைக் கொன்னாங்க. எங்கம்மாவைக் கடைசியா ஒரு தடவை பார்க்கக்கூட விடலையே!"

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளுக்கும் கண் நிறைந்திருந்தது. அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கொன்னதுல நாமளும் உண்டுங்க. போன லீவுக்கு அத்தையைப் பார்க்கப் போனப்ப, நம்ம ஸ்டாஃப் சலுகையைவிட இங்க மலிவுன்னு, கழுத்துல கிடந்த கம்பெனி அட்டையைக் கழட்டிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு, இதே வரிசையிலதானே நின்னோம்?"