நம்பர் இல்லாத ரூம்

“பழைய ரூம் நாப்பதும் ஒரே பேர்ல வருது! இந்த லட்சணத்துக்கா உங்க கம்பெனியைக் கூப்பிட்டோம்?”

சிங்கப்பூரில், துவாஸில் உள்ள வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதி. கத்தியவர் அதன் மேலாளர் நடேசன். ஏச்சு வாங்கியது நான். அந்த நாற்பது ரூமுக்கும் நெட் போட்டு வேலையைக் கெடுத்தது எங்கள் கம்பெனி வெங்கட் அண்ணன்.

விஷயம் இதுதான். விடுதியில் ஒவ்வொரு ரூமுக்கும் நெட்வொர்க் சுவிட்சில் ஒரு போர்ட். ரூமில் யார் போனைத் திறந்தாலும், நெட்டுக்குப் போக ஒரு முகவரி வேண்டுமென்று சர்வரிடம் கேட்கும். அந்தக் கோரிக்கையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சுவிட்சுக்குள் இருக்கும் ரிலே. அனுப்பும்போதே எந்த போர்ட் என்று முத்திரை குத்திவிடும். அதைப் பார்த்து அந்த ரூமுக்கு என்றே வைத்திருக்கும் முகவரியை சர்வர் கொடுக்கும். யார் எந்த ரூமிலிருந்து எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தெரிந்துவிடும்.

தெரியவில்லை. அதுதான் சண்டை.

சாப்பாட்டில் புழு என்று யாரோ படம் எடுத்து, ஆன்லைனில் அரசாங்கத்துக்குப் புகார் அனுப்பிவிட்டார்கள். எந்த ரூம் என்று நடேசனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

வெங்கட் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“என்னண்ணே வேலை இது? பாதியில ஸ்கூலை விட்ட நானே ஒழுங்கா செய்வேன்!”

“வயசாச்சுடா. மறந்திருப்பேன்.”

“இருபது வருஷமா இதே வேலை, மறந்துட்டீங்களா? உங்களால நான் ஏச்சு வாங்கறேன்!”

“வாங்கிக்கோ லா. சாயந்திரம் தேக்காவுல பிரியாணி வாங்கித் தர்றேன்.”

சிரிக்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தர் சோம்பேறித்தனத்துக்கு இன்னொருத்தனா அடிபடுவது?

லேப்டாப்பைச் சுவிட்சில் சொருகினேன். நடேசன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சீக்கிரம் லா தம்பி. பதில் வந்திருக்கான்னு பார்க்க அவன் அந்தப் புகார்ப் பக்கத்தை மறுபடியும் திறப்பான். அப்ப மாட்டிக்குவான்.”

“மாட்டினா?”

“அவன் முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும். வேலை பெர்மிட் கேன்சல், மறுநாள் ஊருக்கு பிளைட். போன வருஷமும் ஒருத்தன் அப்படித்தான் போனான்.”

“சாப்பாட்டுல நெசமாவே புழு இருந்துச்சா சார்?”

“அது வேற விஷயம்.”

திரையைப் பார்த்தேன். முதல் போர்ட்டின் முத்திரையில் வெறுமனே ‘ரூம்’ என்றிருந்தது. நம்பர் இல்லை. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதிலும். நாற்பதிலும்.



எதையும் தொடாமல் விட்டிருந்தால் சுவிட்ச் தானாகவே நம்பரைக் குத்தியிருக்கும். போன வாரம் நான் புதிதாகச் சேர்த்த நாற்பத்தொன்றாவது ரூமில் அப்படித்தான் குத்திக்கொண்டிருந்தது. நம்பர் வரக்கூடாது என்றால், ஒவ்வொரு போர்ட்டாகப் போய்க் கையால் அடிக்க வேண்டும். நாற்பது தடவை.

சோம்பேறி செய்கிற வேலையா அது?

“என்ன தம்பி, தப்பு எங்கேன்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது சார்.”

“அப்ப அந்த நாப்பது ‘ரூம்’ங்கறதையும் அழிச்சிடு. நம்பர் வரட்டும்.”

“இதோ சார்” என்றேன்.

நாற்பத்தொன்றாவது போர்ட்டைத் திறந்து, நம்பர் இருந்த இடத்தில் ‘ரூம்’ என்று அடித்தேன்.