சின்னராசாவின் கறுப்பு மண்

பெக்கோ மிசின் அள்ளிக் கொட்டிய ஒவ்வொரு குவியலிலும் ஒரு கிள்ளு எடுத்து மோந்து பார்த்தார் சின்னராசா.

சிவப்பு மண். மலை மண்.

"கறுப்பா வந்தா நிப்பாட்டிருங்க தம்பி," என்று டிரைவர் ரொஷானிடம் மறுபடியும் சொன்னார். "கறுப்பு எங்க வருதோ அங்கதான் என் வீடு. அங்கதான் அவ."

மலை இறங்கி வந்து, தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தை அப்படியே வாரிக்கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டியிருந்தது. எல்லாக் காம்பராவும் கூட்டாஞ்சோறாகக் கிடந்தன. எது யார் வீடு என்று சுவருக்கே தெரியாது.

மழைக்குப் பயந்து முதல்நாளே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்ட சனம் தப்பியது. விடிந்ததும் கோழியைத் திறந்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போன காளியாயி தப்பவில்லை. அவள் புருஷன் சின்னராசா அந்த நேரம் கீழே மாட்டுப்பட்டியில், மழையில் சாணம் கரைந்து போகாமல் தறப்பாள் போட்டுக்கொண்டிருந்தார்.

இருட்டுமுன் பெக்கோ அடுத்த தோட்டத்துக்குப் போயாக வேண்டும். அங்கே ரோட்டையே காணவில்லையாம்.

மண்ணுக்குள் இருக்கிறவளை வெளியே எடுக்க வேண்டும், எடுத்து முறையாக மண்ணுக்குள் வைக்க வேண்டும். சின்னராசா கேட்டது அவ்வளவுதான்.

கறுப்பு மண் அவரே செய்தது. சாணம், அடுப்புச் சாம்பல், கோழி எச்சம், மீன்காரர் கழுவி ஊற்றும் தண்ணீர், கிளிசீரியா தழை எல்லாம் குழியில் போட்டு மக்கவைத்து, காம்பராவுக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில் அப்படி ஒரு மண்ணை உண்டாக்கி வைத்திருந்தார்.

அதில் குடையை ஊன்றிவைத்தால் காலையில் பக்கத்தில் ஒரு குட்டிக் குடை நிற்கும் என்பார்.

லயத்தில் யாரும் மறுத்துப் பேசியதில்லை. மழைக்காலத்தில் குடை கேட்டு வந்தார்கள்.

குடையைக் கொடுத்தாலும் கொடுப்பார், மண்ணில் ஒரு சிட்டிகை தரமாட்டார். யூரியா நாட்டிலேயே இல்லாமல் போன வருடம், அந்தப் பசளை மண்ணைப் பார்க்கத் தோட்டத்துத் துரையே வந்தார். போகும்போது அவர் சப்பாத்தில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்துக்கொண்டுதான் சின்னராசா வழிவிட்டார்.

ஊரான் குப்பை மக்கினால் சாண் கணக்கில் அமுங்கும். அவர் குழியில் முழக் கணக்கில் அமுங்கியது. அத்தனை வீரியம் என்று அதற்கும் மார் தட்டிக்கொண்டார்.

மத்தியானம் தாண்டி, பெக்கோவின் வாயில் கறுப்பு வந்தது.

"நிப்பாட்டுங்க!"

மம்பட்டிகளோடு சனம் குதித்தது. சின்னராசா முழங்கால் போட்டு இரண்டு கையாலும் பறித்தார். மோந்து பார்க்கத் தேவையே இல்லை. அவருடைய மண்தான்.

வந்தது நாகலெட்சுமியின் அரிசி வாளி.

நாகலெட்சுமி குடியிருந்தது லயத்தின் அந்தத் தலையில். சின்னராசா இந்தத் தலையில்.

"மலை கலக்கிருச்சு போல," என்றார் அழகன்.

பெக்கோ தள்ளிப் போய் வெட்டியது. இன்னொரு கறுப்பு. அழகன் வீட்டுக் கதவு, அதன்மேல் வேரோடு ஒரு போஞ்சிக் கொடி.

அப்புறம் இன்னொன்று. றோலண்ட் வீட்டு மாதா படம் வந்தது, கண்ணாடிகூட உடையவில்லை. அதைச் சுற்றிலும் கருகருவென்று, புட்டு மாதிரி உதிர்ந்தது மண்.

சின்னராசா நிமிர்ந்தார். முகம் கோணியது.

"எந்தக் களவாணிப்பய என் மண்ண அள்ளுனது?"

மம்பட்டிகள் நின்றன. எல்லாரும் தங்கள் காலைப் பார்த்தார்கள்.

"களவெடுக்கல அண்ணே," என்றாள் நாகலெட்சுமி. "மதினிதான் குடுத்துச்சு. நீங்க மாட்டுப்பட்டிக்கு எறங்குனதும் வீட்டுக்கொரு சட்டி கொண்டாந்து கொட்டிட்டுப் போகும். அந்த மனுசன் காதுல விழுந்தா வெட்டிப்புடும், மூச்சு விட்டுறாதீங்கன்னு சொல்லும்."

"குழி அமுங்குனத நான் கேட்டப்ப..."

"நல்லா மக்குனா அமுங்கத்தான் செய்யும்னு சொன்னுச்சாமே. எங்ககிட்டயும் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் அண்ணே."

சின்னராசா உட்கார்ந்துவிட்டார்.

தூறல் விழுந்தது. பள்ளம் நெடுக, வெட்டிய பக்கமெல்லாம், சிவப்புக்குள் கறுப்பு கறுப்பாகத் தெரிந்தது.

ரொஷான் மிசினிலிருந்து தலையை நீட்டினான். "ஐயா, இனி எந்தப் பக்கம் வெட்ட?"

அவர் இந்தத் தலையைப் பார்த்தார். அந்தத் தலையைப் பார்த்தார். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"போதும் தம்பி. நீங்க போங்க. அங்கயும் சனம் காத்துக்கிட்டு நிக்கும்."

ரொஷான் போகவில்லை. மிசினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

சின்னராசா கறுப்பு மண்ணை மடி நிறைய அள்ளினார். எழுந்து ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றார். அழகன் கையில் ஒரு பிடி வைத்தார். றோலண்ட் கையில் ஒரு பிடி. ரொஷானும் கையை நீட்டினான், அவனுக்கும் ஒரு பிடி.

சவக்குழி மூடுமுன் ஆளுக்கொரு பிடி மண் போடுவது வழக்கம். இங்கேதான் குழி எது என்று தெரியவில்லை.

நாகலெட்சுமி தன் பிடியை வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"எங்கிட்டு அண்ணே போடுறது?"

"எங்கிட்டு வேணா போடு," என்றார் சின்னராசா. "அவ போகாத வீடு எது?"