கடைசி வரிசை நாற்காலி

வாசலில் ஏதோ கவிழ்கிற சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். கசங்கிய சட்டையும் தோளில் துணிப்பையுமாக ஒருவர், காற்றில் விழுந்த பிளாஸ்டிக் நாற்காலியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

வாடகை நாற்காலிகளை எடுத்துப்போக ஆள் அதற்குள் வந்துவிட்டாரே என்று அவளுக்கு முகம் வாடியது. வாசகர் சந்திப்பு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

"சீக்கிரம் வந்துட்டீங்களே! கூட்டம் முடிஞ்சதும் எடுத்துக்கலாம். அதுவரைக்கும் உள்ளே வந்து உக்காருங்க."

வந்தவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையாட்டிவிட்டு, கடைசி வரிசையில் போய் ஒடுங்கி உட்கார்ந்தார்.

கடைக்குள் புத்தக மேசைகளை ஓரம் தள்ளி அவள் இடம் பண்ணியிருந்தாள். பெரிய பிளாஸ்க் நிறைய டீ போட்டு வைத்திருந்தாள். கண்ணாடிக் கதவில் அறிவிப்பு நேராகத்தான் ஒட்டியிருக்கிறதா என்று வெளியே போய்ப் பார்த்துவிட்டும் வந்தாயிற்று.

மத்தியானம் அக்கா போனில் தீர்த்துச் சொல்லியிருந்தாள். "ஒருத்தராவது வராங்களான்னு பாரு. ஈ, கொசுகூட எட்டிப் பாக்கலைன்னா, பேசாம கடையைக் குடுத்துட்டு என்கூட வந்து இரு. புஸ்தகத்தோட பேசிப் பேசியே உனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்டி."

இவளும் சரி என்று சொல்லிவிட்டாள். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவேதான்.

தெருவிளக்குகள் எரிந்தன. நடைபாதையில் போன ஒருவர் கதவருகே நின்றார், கண்ணாடியில் பார்த்துத் தலையை வாரிக்கொண்டு நகர்ந்தார்.

"யாரும் வர மாட்டாங்க போலிருக்கு" என்றாள், பொதுவாக.

"நீங்க சொல்லுங்களேன், நான் கேக்கறேன்" என்றார் அவர், குரல் எழும்பாமல்.

பாவம், சும்மா உட்கார்ந்திருக்க அலுப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் கூட்டத்துக்கென்று வைத்திருந்த நாவலைக் கையில் எடுத்து, கதையைச் சொன்னாள். எங்கோ பனி கொட்டும் ஊரில் ஒரு சின்னப் புத்தகக்கடை. தனியாக அதை நடத்தும் ஒருத்தி, அவள் காலடியை விட்டு நகராத ஒரு பூனை. குளிருக்கு ஒதுங்க வருகிறவர்கள் ஒவ்வொருவராக அங்கேயே ஒட்டிக்கொண்டு விடுகிறார்கள்.

கதையில் வரும் கடைக்கு மட்டும் எப்படித்தான் எல்லோரும் வந்துவிடுகிறார்களோ!

"எனக்கு இதுல அந்தப் பூனையைத்தான் ரொம்பப் பிடிக்கும்" என்றாள் சமாளித்துக்கொண்டு.

"நொண்டிப் பூனைன்னா யாருக்குத்தான் பிடிக்காது!" அவர் முகம் மலர்ந்தது.

அதற்குள் அவள் பார்வை வாசலுக்கு ஓடியிருந்தது. கண்ணாடிக்கு வெளியே ஒரு நிழல் தயங்கி நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நிழல் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டது.

அவள் புத்தகத்தை மூடினாள். "போதுங்க. உங்களுக்கும் நேரமாகுது. நாற்காலியெல்லாம் எடுத்துடலாம்."

அவர் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கினார். "இதை... எங்கேங்க அடுக்கணும்?"

"வாசல்கிட்டயே அடுக்குங்க. வண்டியிலே ஏத்தச் சுலபமா இருக்கும்."

சத்தம் வராமல் ஒவ்வொன்றாக அடுக்கினார். அவள் கொடுத்த டீயை நின்றபடியே குடித்தார். "நல்லா சொன்னீங்கம்மா. இன்னும் கேக்கலாம் போல இருந்துது."

"உங்களை மாதிரி கேக்கற ஆள் ஒருத்தர் கூட்டத்துக்கு வந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!"

அவர் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். உதடு ஒருமுறை அசைந்தது. சிரித்து, தலையசைத்துவிட்டு வெளியே இறங்கிப் போனார். வண்டியைக் கூட்டிவரப் போகிறார் என்று எண்ணிக்கொண்டு, அவள் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"நீ சொன்னதுதான்க்கா சரி. ஒரு ஆள்கூட வரல. கடையைக் கேட்டவங்ககிட்ட நாளைக்கே பேசிடு."

"அழறியா?"

"இல்லக்கா, தூசி."

கதவு திறந்தது. அவள் அதுவரை பார்த்திராத ஒருவர், கரி படிந்த கையைத் துணியில் துடைத்தபடி உள்ளே வந்தார். அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்துச் சங்கடமாக நெளிந்தார்.

"மன்னிச்சுக்குங்க மேடம், வண்டி வழியிலே நின்னுடுச்சு. நாற்காலி எடுக்க இப்பதான் வரேன்."