முதல் வரியில் யார் பேர்

நாகர்கோவில் டிசைன் நிறுவனத்துக்கு அனுப்பவேண்டிய ரெஸ்யூமைக் கணினியில் பார்த்ததும் கோலப்பன் முகம் சுளித்தார்.

"என்ன மக்கா இது, சர்க்கஸ் நோட்டீஸ் மாதிரி கலர் கலரா? வெள்ளைத் தாள்ல கறுப்பு எழுத்து போதும். முதல் வரியில எனக்க பேரு, பொறவு வீட்டுப் பேரு."

"டிசைன் வேலைன்னா வரைஞ்ச படங்கதான் அப்பா முதல்ல வரணும்" என்றாள் மகள் அஞ்சு.

"நம்ம வீட்டுப் பொம்பள வேலைக்குப் போறது இதுதான் முதல் தடவ. எந்தக் குடும்பம்னு அவனுக்குத் தெரியாண்டாமா?"

"அப்போ கல்யாணத்துக்கு எழுதுற மாதிரி நட்சத்திரமும் போடட்டா?"

"போட்டா கொறஞ்சா போவும்?"

அடுக்களையிலிருந்து காப்பியோடு வந்த பகவதியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஓராண்டு டிசைன் வகுப்புக்குப் போய்க் கற்றுத் தானே வரைந்த ஏத்தங்காய் சிப்ஸ் லேபிளைத் திரையில் இன்னும் கொஞ்சம் மேலே நகர்த்தினாள்.

"நட்சத்திரம் பாத்து ஒங்களுக்குக் கழுத்த நீட்டினது போதும். இது நான் போகப்போற வேலை. கலரே இருக்கட்டும்" என்று கணவரிடம் காப்பியை நீட்டினாள்.

கோலப்பன் ஒரு வாய் குடித்தார்.

"அந்த லேபிளுக்குக் கீழேயாவது வீட்டுப் பேரு வருமா?"